மூன்றாம் மாதத்தைத் தாண்டும் மாடித்தோட்டம்

ஆடியில் ஆசையோடு வைத்த பைகள் ஐப்பசியில் வெறும் பைகளாக நிற்பது ஏன்? மாடியின் எடை, வெயில், தண்ணீர், அடுப்படித் தேவை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும் ஒரு சிறப்புப் பார்வை.

மாலை ஆறரை மணி. தாம்பரம் பக்கம் ஒரு மொட்டைமாடியில் பீர்க்கங்கொடி பந்தலை மூடிக் கிடக்கிறது. பகல் முழுக்க இறுகிக் கிடந்த மொட்டுகள் வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொன்றாக விரிகின்றன. நல்ல மஞ்சள், லேசான வாசனை. கையில் செல்போன் விளக்கோடு ஒரு பெண்மணி பந்தலுக்குக் கீழே நிற்கிறார். கொத்தாக வந்த ஆண் பூக்களில் ஒன்றைக் கிள்ளி, இதழ்களைப் பின்னுக்கு மடித்து, நடுவில் இருக்கும் மகரந்தத்தை இன்னொரு பூவின் நடுவே மெல்ல ஒற்றுகிறார். அந்த இன்னொரு பூவுக்கு அடியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிஞ்சு, இப்போதே வரி வரியாக. ஒற்றி முடித்த பூவின் காம்பில் அடையாளத்துக்கு ஒரு நூலைக் கட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். எல்லாம் சரியாக அமைந்தால் பத்து நாளில் அது கூட்டுக்கு ஆகிவிடும்.

தோட்டக்காரர்கள் நாலு பேர் கூடினால் காதில் விழும் முதல் புகார், "பூ நிறையப் பூக்குது, பிஞ்சு மட்டும் பழுத்து உதிருது" என்பதுதான். சத்துப் பற்றவில்லை என்று நினைத்து உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். உண்மையான காரணம் வேறு: பீர்க்கு, சுரை, புடலை மூன்றும் அந்தியில் பூப்பவை. இரவில் வரும் அந்துப்பூச்சிகள் அவற்றில் மகரந்தம் சேர்க்க வேண்டும். கான்கிரீட் நடுவே நாலாவது மாடிவரை அவை ஏறி வருவது நிச்சயமில்லை. காலை எட்டு மணிக்குப் பூவாளியோடு போகிறவர் பார்ப்பதோ வாடித் தொங்கும் பூவைத்தான். பாகலும் பூசணியும் இதற்கு மாறாக விடியலில் பூக்கும்; அவற்றுக்குக் காலையிலேயே கைகொடுக்க வேண்டும். எந்தச் செடி எந்த நேரத்தில் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொண்டவர் தோட்டம் நிற்கிறது. தெரியாதவர் தோட்டம் மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடுகிறது.

ஏன் இவ்வளவு பேர் மாடி ஏறினார்கள்?

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. சென்னைக்குக் காய் எங்கிருந்து, எப்படி வருகிறது என்பதை நகரத்தின் பாதிக் குடும்பங்கள் அன்றுதான் முதன்முறையாக யோசித்தன. 2023 ஜூலையில் தக்காளி விலை நூறு ரூபாயைத் தாண்டியபோது ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. கீரையிலும் கறிவேப்பிலையிலும் மருந்து அடிக்கிறார்களே என்ற பயம் அதற்கும் முன்பிருந்தே உண்டு. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசியதன் பலன் வயலோடு நிற்காமல் வீட்டு மாடிக்கும் வந்து சேர்ந்தது. அரசுத் தரப்பில் தோட்டக்கலைத் துறை 2013-14ல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளைக் கொடுக்கத் தொடங்கியது. பை, தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் ஒரே தொகுப்பில்.

ஆர்வத்துக்குக் குறைவில்லை, பொருளும் கிடைக்கிறது. குறை திட்டமிடுதலில்தான். பெரும்பாலானோர் விதைக் கடையில் நின்று திட்டமிடுகிறார்கள். படத்தில் அழகாக இருக்கும் பத்து பாக்கெட்டை வாங்கிவந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விதைத்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றைத்தான்: திட்டம் அடுப்படியில் தொடங்கி, மாடியை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, கடைசியில்தான் விதைக்கு வர வேண்டும்.

சந்தைக்கு மாற்றா இது?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். முப்பது பை வைத்த மாடி இதைக் கொடுக்காது. கொடுக்கும் என்று சொல்லி ஆசை காட்டும் வீடியோக்கள்தான் முதல் ஏமாற்றத்துக்கு வழி செய்கின்றன.

வெண்டையை எடுத்துக்கொள்வோம். நன்றாக இருக்கும் செடி, காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். நாலு பேருக்குப் பொரியல் என்றால் கால் கிலோ, அதாவது சுமார் இருபது காய் வேண்டும். பாக்கெட்டில் இருந்த ஆறு விதையைப் போட்டு ஆறு செடி வளர்த்தவருக்கு இரண்டு நாளுக்கு ஆறு காய் வரும். பொரியலுக்குப் போதாது, சாம்பாரில் போட்டால் தேடித்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் அறுவடையிலேயே "இதுக்கா இவ்வளவு பாடு" என்ற எண்ணம் வந்துவிடும். பன்னிரண்டு செடி வைத்து, இரண்டு பறிப்பைச் சேர்த்து வைத்தால் வாரத்துக்கு இரண்டு பொரியல் உறுதி. எனவே ஐந்து காயை ஐந்து செடி வீதம் வைப்பதைவிட, இரண்டு காயைப் பன்னிரண்டு செடி வீதம் வைப்பதே குடும்பத்துக்குப் பயன்படும்.

எதை வீட்டில் வளர்ப்பது, எதைச் சந்தைக்கு விடுவது? வெங்காயம், உருளை, முட்டைக்கோஸ், கேரட் நான்கையும் யோசிக்காமல் சந்தைக்கு விட்டுவிடலாம். மலையிலிருந்தும் வயலிலிருந்தும் அவை நன்றாகவே வருகின்றன, வந்தபின் நாலு நாள் தாங்குகின்றன. பறித்த அன்றே வாடுவதும், கொஞ்சமாகவும் அடிக்கடியும் தேவைப்படுவதும், மருந்துப் பயம் அதிகம் உள்ளதும் எதுவோ அதுதான் மாடிக்கு உரியது. கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய் இவற்றுக்குத்தான் முதல் இடம். அடுத்து கத்தரி, வெண்டை, கொத்தவரை, ஒன்றிரண்டு கொடி. தக்காளி மூன்றாவதுதான். விலை ஏறும்போதெல்லாம் எல்லோரும் முதலில் தக்காளி வைக்கிறார்கள்; நாற்றிலிருந்து பழம் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்குள் சந்தையில் விலை இறங்கிவிடும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை கீரைதான். சிறுகீரை விதைத்த 25 நாளில் தட்டுக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளக் கிள்ள மாதக்கணக்கில் தழைக்கும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம். கடையில் வாங்கிய கட்டிலேயே நல்ல தண்டாக நாலு எடுத்து ஊன்றினால் போதும். கொடிப்பசலை ஒன்று வைத்துவிட்டால் சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கும். முதல் மாதத்திலேயே வீட்டுக் கீரை தட்டுக்கு வந்துவிட்டால், கத்தரிக்காக இரண்டு மாதம் காத்திருக்கும் பொறுமை தானாக வந்துவிடும்.

மாடி தாங்குமா?

யாரும் முதலில் கேட்காத, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடை என்று கணக்கிட்டுத்தான் நம் கட்டட விதிகள் வடிவமைக்கச் சொல்கின்றன. ஆள் ஏறாத கூரைக்கு அதில் பாதிதான். பழைய வீடுகள், குறிப்பாக மரக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள், இந்தக் கணக்கிலேயே வராதவை. அங்கே பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் ஒரு தொட்டிகூட ஏற்றக் கூடாது.

▣ பெட்டி: ஒரு பையின் எடை

12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பை சுமார் 22 லிட்டர் கொள்ளும். மண், நார்க்கழிவு, தொழுவுரம் சமபங்கு கலந்து நிரப்பி, தண்ணீர் ஊற்றியபின் எடை ஏறக்குறைய 20 கிலோ. வெறும் செம்மண்ணால் நிரப்பினால் ஈரத்தோடு 35 கிலோவைத் தொடும்.

ஒரு சதுர மீட்டரில் ஒன்றை ஒன்று ஒட்டி ஒன்பது பை வைக்கலாம். கலவை மண்ணிலேயே அது 180 கிலோ, வரம்பைத் தாண்டிவிட்டது. நாலு பை வைத்தால் 80 கிலோ. நடக்கவும் இடம் கிடைக்கும், காற்றும் ஓடும்.

200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் என்றால் 200 கிலோவும் ஒரே இடத்தில் இறங்கும். தூண் அல்லது உத்திரத்துக்கு நேர் மேலே, சுவர் ஓரமாக மட்டுமே வைக்க வேண்டும்.

எடையைவிட அடிக்கடி வரும் தொல்லை ஓதம். பையின் அடித் துளையிலிருந்து கசியும் தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கித் தேங்கி, தட்டோட்டின் இடுக்கு வழியாக இறங்கும். முதல் மழையில் தெரியாது. இரண்டாம் வருஷம் கீழ்வீட்டுக் கூரையில் வட்டமாகக் கறை படியும். பையை நேராகத் தரையில் வைக்காமல் இரும்பு ஸ்டாண்டிலோ, இடைவெளி விட்ட செங்கல் மேலோ வைத்தால் கசிவு வெயிலில் உலர்ந்துவிடும், கூட்டிப் பெருக்கவும் முடியும். தொடங்குவதற்கு முன்பே நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு ஒருமுறை அடித்துவிடுவது நல்லது. அரசமரம் வேர் விட்டால் கட்டடம் பிளக்கும் என்பது நாம் கோயில் கோபுரங்களில் பார்ப்பதுதான். மாடியில் தானாக முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் விரல் நீளத்திலேயே பிடுங்கிவிட வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு சிக்கல். மொட்டைமாடி பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. மேல்தளத்துக்காரர் வீட்டில் ஒழுகினால் தோட்டக்காரர்மேல்தான் பழி விழும், காரணம் வேறாக இருந்தாலும். சங்கக் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி, எந்தப் பகுதி, எத்தனை பை, தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து என்று எழுதி வைத்துக்கொண்ட இடங்களில் பிரச்சினை குறைவு. விளைந்ததில் ஒரு பிடி கறிவேப்பிலையை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இருந்தால் இன்னும் குறைவு.

வெயில் எந்தப் பக்கம்?

வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதப்பட்ட குறிப்புகளில் "உயரமான செடியை வடக்கே வை" என்று இருக்கும். சென்னைக்கு அது வருஷம் முழுக்கப் பொருந்தாது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வந்து வடக்கே நகர்கிறது. ஆகஸ்ட் நடுவில்தான் மறுபடி உச்சியைத் தாண்டித் தெற்கே போகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். மார்கழியிலோ நேர் எதிர். தெற்குக் கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம் என்றால் நண்பகலிலேயே இரண்டடிக்கு மேல் நிழல் விழும். ஆடியில் அந்தச் சுவரடியில் செழித்த கத்தரி மார்கழியில் பூக்காமல் நிற்பதற்கு இதுவே காரணம். பையை ஒரு முழம் உயர்த்தினாலோ, இரண்டடி நகர்த்தினாலோ போதும்.

காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் மூன்று நாலு மணி நேரம் போதும், அதனால் பால்கனி மட்டும் உள்ளவரும் இவற்றை நம்பித் தொடங்கலாம். அக்னி நட்சத்திரத்தில் தரை கால் வைக்க முடியாத சூட்டில் கொதிக்கும்போது வேர் வெந்துபோகும். பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை வலையைச் சித்திரை தொடங்கி ஆனி வரை கட்டி, பிறகு அவிழ்த்துவிட வேண்டும். வருஷம் முழுக்கக் கட்டியே வைத்திருப்பவர்களின் செடிகள் வெளிறி, நெட்டையாக வளர்ந்து, காய்க்காமல் போகின்றன. மேற்குப் பக்கம் ஒரு பந்தல் போட்டுப் பாகலையோ கோவையையோ ஏற்றிவிட்டால் அதுவே மாலை வெயிலுக்குத் திரை.

மூன்றாம் மாதம் என்ன நடக்கிறது?

தோட்டங்கள் ஓய்வது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். காரணத்தைக் கையில் அள்ளிப் பார்க்கலாம்: பையில் இருப்பது முக்கால்வாசி தென்னை நார்க்கழிவு. எடை குறைவு, ஈரம் பிடிக்கும், பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து தாராளமாக வருகிறது, எல்லாம் உண்மை. ஆனால் அதில் செடிக்கான உணவு ஏறக்குறைய இல்லை. சரியாக மட்காத நார்க்கழிவு, மட்குவதற்காக மண்ணில் உள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். கழுவாத நார்க்கழிவில் உப்பும் இருக்கும். முதல் சில நாள் விதையில் இருந்த சத்தில் செடி வளர்கிறது. அதன்பின் இரண்டாம் மாதம் வரை கலந்த உரத்தில் ஓடுகிறது. மூன்றாம் மாதம் பூவெடுக்கும் நேரத்தில் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. அப்போது பூச்சியும் வந்து உட்கார்ந்தால் நோஞ்சான் செடியால் தாங்க முடியாது.

வழி கடினமானதல்ல. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, அந்தப் பழுப்புத் தண்ணீரை இரண்டு முறை வடித்துக் கொட்டிவிட்டு, செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய சாணி உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று கலக்க வேண்டும். அதில் இரண்டு பிடி வேப்பம்பிண்ணாக்கு. கலந்த உடனே விதைக்காமல், தண்ணீர் தெளித்து ஒரு வாரம் பத்து நாள் நிழலில் விட்டால் உள்ளே இருக்கும் சூடு அடங்கும். அதன்பின் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு பைக்கும் ஒரு பிடி உரம். கடலைப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கத்தரியும் மிளகாயும் ஒரே வாரத்தில் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவில் தெளிக்கலாம். அதிகம் ஊற்றினால் அதிகம் விளையும் என்பதில்லை.

பூச்சிக்கு என் அனுபவத்தில் கண்ணும் கையும்தான் முதல் மருந்து. காலையில் தண்ணீர் விடும்போதே இலையைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி; பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் முதல் நாளிலேயே போய்விடும். ஒரு வாரம் விட்டுவிட்டால் செடியையே பிடுங்க வேண்டியதுதான். வேப்பெண்ணெய் ஐந்து மில்லியைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாக வலை போட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா ரகம் இந்த நோயைத் தாங்கி வளரும் என்பதற்காகவே வெளியிடப்பட்டது.

▣ பெட்டி: எந்த மாதம் எதை?

ஆடிப்பட்டம்: வெண்டை, கத்தரி, மிளகாய், அவரை, பீர்க்கு, புடலை, பாகல், சுரை. வருஷத்தின் பெரிய விதைப்பு இதுதான்.

ஐப்பசி, கார்த்திகை: சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. கீரை விதை அடித்துக்கொண்டு போகும், தக்காளி அழுகும். புதிதாக எதுவும் தொடங்காமல், ஏற்கெனவே இருக்கும் செடிகளுக்கு முட்டுக்கொடுப்பதே வேலை.

மார்கழி, தை: தக்காளி, முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பாலக். கொத்தமல்லி விதையைச் செருப்பால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும்.

சித்திரை: வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை. வலைக்குக் கீழே.

தண்ணீர்க் கணக்கு

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடிக்கவே லாரியை எதிர்பார்த்து நின்றபோது முதலில் காய்ந்தவை மாடித் தோட்டங்கள்தான். முப்பது பைக்கு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 45 லிட்டர் வரை ஆகும். அதை அப்படியே நல்ல தண்ணீரில் ஊற்றுவது இந்த நகரத்தில் நியாயமில்லை. அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீர் ஒரு வீட்டில் நாளைக்கு இரண்டு குடமாவது சேரும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரில்தான் கவனம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு முழுவதும் அதில் திரண்டிருக்கும். அதையே தொடர்ந்து ஊற்றினால் பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும். பத்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியே ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும்.

தண்ணீர் விடும் அளவை விரல் சொல்லும். மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். செடிகள் காய்ந்து சாவதைவிட, பாசத்தில் ஊற்றிய தண்ணீரில் வேர் அழுகிச் சாவது அதிகம்.

பைக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சுத்தமான, சிறிய நீர்த்தேக்கத்தில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மழைக்காலத்தில் தட்டை எடுத்துவிடுவதே சரி. டிரம்முக்குத் துணி கட்டி மூட வேண்டும்.

மூலிகைகள்: கைக்கு எட்டும் தூரத்தில்

மூலிகைத் தோட்டம் என்றதும் நாற்பது செடிப் பட்டியலோடு கிளம்புகிறவர்கள் உண்டு. வீட்டில் யாருக்கும் பயன்படுத்தத் தெரியாத செடி எதற்கு? ரசத்துக்குத் தூதுவளை, துவையலுக்குப் பிரண்டை, குழந்தைக்குச் சளி பிடித்தால் பாட்டி தேடும் கற்பூரவல்லி, துளசி, மணத்தக்காளி, வல்லாரை. இந்த ஆறும் அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்தால் அவை உண்மையிலேயே உணவில் சேரும். வல்லாரைக்கு வெயில் ஆகாது, ஈரம் வேண்டும், ஏ.சி. தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு அகலத் தொட்டியில் வைத்தால் படர்ந்துவிடும். பிரண்டைக்குத் தண்ணீர் மறந்தாலும் பரவாயில்லை. நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் அரிப்பு பிடுங்கும். தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள் மூலிகையை மருந்தாக எடுக்க நினைத்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை.

கறிவேப்பிலைக்கு மட்டும் தனிப் பெரிய தொட்டி கொடுத்துவிடுங்கள். முதல் வருஷம் வளர்கிறதா என்றே சந்தேகமாக இருக்கும். அந்த நேரத்தில் இலையை உருவாமல், இரண்டாம் வருஷம் நுனியை ஒடித்துவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் புதராகும். புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவதும் தெளிப்பதும் பல வீடுகளில் பழக்கம். துளிர் நன்றாக விடுகிறது. அதன் இலையில் பறவை எச்சம் போல ஒரு சிறு புழு உட்கார்ந்திருக்கும், வளர வளரப் பச்சையாகும். அது கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு. இரண்டு மூன்று இருந்தால் ஒரு கிளையை அதற்கென்று விட்டுவிடுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அந்தப் புழு கூடு கட்டி, இறக்கை முளைத்து வெளியே வருவதைத் தினமும் பார்க்கக் காட்டுங்கள்.

கடல் தாண்டி ஒரு பாடம்

யாழ்ப்பாணத்து வளவில், அதாவது வீட்டைச் சுற்றிய நிலத்தில், இதெல்லாம் திட்டம் போடாமலே இருந்தது. கிணற்றடியில் குளிக்கும் தண்ணீர் வாழைக்குப் பாயும், வேலியே பூவரசும் முருங்கையுமாக இருக்கும், முற்றத்தில் கறிவேப்பிலையும் தேசிக்காயும் (எலுமிச்சை), பந்தலில் பாவற்காயும் பயித்தங்காயும். தமிழ்நாட்டுக் கொல்லைப்புறமும் இதே கணக்கில்தான் ஓடியது. 2021ல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. விளைச்சல் விழுந்தது. அடுத்த வருஷம் பொருளாதாரமும் சரிந்தது. 2022 ஜூனில் அரசு ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. நெருக்கடி வந்தபின் தொடங்கும் தோட்டம் அந்த நெருக்கடிக்கு உதவாது. கீரைக்கே ஒரு மாதம் வேண்டும், முருங்கைக்கு ஆறு மாதமாவது ஆகும். வளவைக் கைவிடாமல் வைத்திருந்தவர்களுக்குக் குழம்பு வைக்க ஏதாவது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

விதையும் குப்பையும்

பாக்கெட்டில் வரும் வீரிய ஒட்டுரக விதையில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. நாட்டு ரகத்தில் வரும். ஆடி நெருங்கும்போது ஊருக்கு ஊர் நடக்கும் விதைத் திருவிழாக்களில் மண்ணுக்கேற்ற ரகங்கள் கிடைக்கின்றன. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்கத்தரியை எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பில் சாப்பிட்டவர் வேறு கத்தரிக்குப் போக மாட்டார். வெண்டையிலும் அவரையிலும் நடுப்பருவத்தில் நன்றாகக் காய்த்த ஒரு செடியைத் தேர்ந்து, இரண்டு காயைப் பறிக்காமல் செடியிலேயே முற்றி உலர விட வேண்டும். சாம்பலில் புரட்டிக் கண்ணாடிப் புட்டியில், பெயரும் தேதியும் எழுதி வைத்தால் அடுத்த பட்டத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். கொடிக்காய்கள் பக்கத்து மாடியிலிருக்கும் இன்னொரு ரகத்தோடு கலந்துவிடும். கையால் மகரந்தம் ஒற்றி, பூவைக் கட்டிப் பாதுகாத்த காயில் மட்டுமே விதை எடுக்கலாம்.

பை இரண்டு மூன்று வருஷத்தில் வெயிலில் நைந்து பொடியாக உதிரத் தொடங்கும். அந்தப் பிளாஸ்டிக் மண்ணோடு கலந்துவிடுவது இன்று யாரும் பேசாத விஷயம். உதிரும் முன்பே மாற்றுங்கள்; முடிந்தவர்கள் மண்தொட்டிக்கோ, பழைய பெயின்ட் வாளிக்கோ போகலாம்.

சென்னை ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பையைக் கொட்டுகிறது. அதில் பெரும்பங்கு மட்கக் கூடியது. ஒரு வாளியில் காய்த்தோலும் காய்ந்த இலையும் மாறி மாறிப் போட்டு, கொஞ்சம் புளித்த மோரோ பழைய உரமோ தெளித்து, வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் கிடைக்கும். முப்பது பைத் தோட்டம் ஒரு வீட்டின் சமையலறைக் கழிவு முழுவதையும் வாங்கிக்கொள்ளும். அந்த வீட்டிலிருந்து பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போகும் லாரியில் ஏறுவது அதன்பின் ஒரு சிறு பைதான்.

இங்கே அரசு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மானிய விலையில் பையும் விதையும் கொடுப்பது நல்ல தொடக்கம். வாங்கியவரை மூன்றாம் மாதம் யாராவது ஒருவர் வந்து பார்த்தால் அந்தப் பை நாலாம் மாதமும் பச்சையாக இருக்கும். வட்டாரம்தோறும் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. நகரங்களில் வார்டு அளவில் நுண் உரமாக்கல் மையங்கள் இருக்கின்றன. ஈரக்கழிவு அங்கே உரமாகிறது. ஒவ்வொரு மாடித்தோட்டத் தளையோடும் பக்கத்து மையத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து கிலோ உரம் வாங்கிக்கொள்ள ஒரு அட்டையும் கொடுக்கலாம். சளைக்காமல் தோட்டம் வைத்திருக்கும் பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களில் வார்டுக்கு ஒருவரைத் தேர்ந்து, மதிப்பூதியம் கொடுத்து, மாதம் ஒருமுறை புதியவர்களின் மாடிக்கு அனுப்பலாம். இலையைத் திருப்பிப் பார்த்து இது மாவுப்பூச்சி என்றும், இது சத்துக் குறைவு என்றும் நேரில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அடுத்த ஆடிக்கு முன்பாகவே இதைத் தொடங்கிவிடலாம்; புதிதாகக் கட்டடமோ இயந்திரமோ எதுவும் இதற்குத் தேவைப்படாது.